"எங்க புழு மக்கு, டீச்சர்!"

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி வரைக்கும் பழவாசம்தான். ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் அருவிக்குப் போகும் சாலையோரம் மங்குஸ்தான், ரம்புட்டான், பலா, டுரியான் என்று கடைகள் வந்துவிடும். எங்கள் பள்ளியில் படிக்கும் சில பிள்ளைகளின் வீட்டிலும் சீசனுக்குக் கடை போடுவார்கள். அப்படி ஒரு வீட்டிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி, விற்காமல் அழுகத் தொடங்கிய பழங்களை ஒரு பையில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்தாள். பூச்சிகளின் வாழ்க்கைச் சுழற்சியை நேரில் காட்ட வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன்.

பழத்தைப் பிசைந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இரண்டு நாள் திறந்து வைத்தோம். சிறு ஈக்கள் வந்து மொய்த்தன. அதன் பிறகு பாட்டிலின் வாயை மெல்லிய துணியால் கட்டினோம். சில நாட்களில் பழக்கூழுக்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அவற்றை உருப்பெருக்கி வழியே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் தலையைத் தூக்கிக் கேட்டான்:

"டீச்சர், இந்தப் புழுவுக்கு மூக்கு இருக்கா?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் அந்த நேரத்தில் விடை தெரியவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்றேன்" என்றேன். தேடப் போன இடத்தில் மூக்கைப் பற்றி மட்டுமல்லாமல், கற்றல் என்றால் என்ன, அது நடந்ததை எப்படி உறுதிசெய்வது என்பதைப் பற்றியும் நிறையத் தெரிந்துகொண்டேன். அதை நம் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எந்த ஈ?

பழத்தைச் சுற்றும் ஈக்களில் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும் இரண்டு வகை உண்டு. மாம்பழத்தை அறுக்கும்போது உள்ளே புழு இருக்கிறதே, அது பெரும்பாலும் சற்றுப் பெரிய வேறொரு ஈயின் புழு. அந்த ஈ மரத்தில் இருக்கும் காயின் தோலைத் துளைத்து முட்டையிடும். விவசாயிகளுக்குத் தொல்லை தருவது அதுதான். நாம் பேசப்போவது டிரோசோபிலா மெலனோகாஸ்டர் என்ற சின்ன ஈ. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளம், சிவந்த கண்கள். நொதிக்கத் தொடங்கிய பழத்தையும் அதில் வளரும் ஈஸ்ட்டையும் தேடி வரும்.

இந்த ஈயை நாம் ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் சந்தித்திருக்கிறோம். 1910-ல் தாமஸ் ஹன்ட் மார்கன் வெள்ளைக் கண் கொண்ட ஓர் ஈயைக் கண்டதிலிருந்து மரபியலின் ஒரு பெரிய அத்தியாயம் தொடங்கியது. அவருக்கு 1933-ல் நோபல் பரிசு கிடைத்தது. வளர்ப்பதற்கு எளிது, இடம் அதிகம் வேண்டாம், 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈயாக மாறப் பத்து நாட்களே போதும் என்பதால் ஆய்வாளர்களுக்கு இது பிடித்துப்போயிற்று. முட்டை ஒரு நாளில் பொரிகிறது. புழு மூன்று பருவங்களில் நான்கைந்து நாட்கள் வளர்கிறது. பிறகு கூட்டுப்புழு. அதிலிருந்து ஈ.

மூக்கு உண்டு

என் மாணவனின் கேள்விக்கு விடை: உண்டு. புழுவின் தலை நுனியில் இரண்டு சிறு மேடுகள் இருக்கின்றன. வாசனையை அறியும் நரம்பு செல்கள் அங்கே உள்ளன. பக்கத்துக்கு 21. அவ்வளவுதான். நம் மூக்கில் இந்த வேலையைச் செய்யும் செல்கள் பல பத்து லட்சம். ஆனால் அமைப்பு முறை வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கிறது. மணத்தை அறியும் செல்கள் செய்தியை மூளையின் முதல் நிலையத்துக்கு அனுப்புகின்றன. அங்கே வகைப்படுத்தப்பட்ட செய்தி அடுத்த நிலையத்துக்குப் போகிறது. பூச்சிகளில் அந்த அடுத்த நிலையத்துக்குக் காளான் உடலம் என்று பெயர். வடிவம் காளான் போல இருப்பதால் வந்த பெயர்.

காளான் உடலத்தில்தான் கற்றல் நடக்கிறது. ஒரு வாசனை வரும்போது அங்கே ஒரு சில செல்கள் மட்டும் விழித்துக்கொள்கின்றன. அதே நேரத்தில் வாயில் இனிப்பு பட்டால், டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் 'இது நல்லது' என்ற செய்தியை அதே இடத்துக்குக் கொண்டுவருகின்றன. இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தால், விழித்திருக்கும் செல்களிலிருந்து வெளியே போகும் இணைப்புகளின் வலிமை மாறிவிடுகிறது. அடுத்த முறை அந்த வாசனை வந்தாலே புழு அதை நோக்கித் திரும்புகிறது. கெட்ட அனுபவத்துக்கும் இப்படித்தான். அதற்கென்று வேறு டோபமின் செல்கள் உண்டு.

2023 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் இந்தப் புழுவின் மூளை முழுவதற்குமான இணைப்பு வரைபடம் வெளியானது. 3,016 நரம்பு செல்கள், அவற்றுக்கிடையே ஏறத்தாழ 5,48,000 இணைப்புகள். புழுவின் மூளை ஓர் உப்புக்கல்லை விடச் சிறியது. அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று சொன்னபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

பம்பாயில் தொடங்கிய இந்தியக் கதை

இதெல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சி என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. இதில் நம் நாட்டுக்கு முக்கியமான பங்கு உண்டு.

ஒபைத் சித்திகி உத்தரப் பிரதேசத்தில் 1932-ல் பிறந்தவர். அலிகாரில் தாவரவியல் படித்தவர். ஹோமி பாபாவின் அழைப்பின் பேரில் 1962-ல் பம்பாயில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். 1970-களில் அவர் கவனம் பழ ஈயின் பக்கம் திரும்பியது. அவருடைய மாணவியாக வந்த வெரோனிகா ராட்ரிக்ஸ் அவரோடு சேர்ந்து, சில குறிப்பிட்ட வாசனைகளை மட்டும் உணர முடியாத ஈக்களைத் தேடிப் பிடித்தார். ஒரு மரபணு பழுதானால் ஒரு வகை வாசனை மட்டும் தெரியாமல் போகிறது என்றால், மோப்பம் மூளையில் எப்படிப் பிரித்து அறியப்படுகிறது என்பதை மரபணு வழியாகவே ஆராயலாம். அவர்கள் 1978-ல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் தொடக்ககாலக் கட்டுரைகளில் ஒன்று.

பின்னாளில் சித்திகி பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கினார். 2009-ல், தம் எழுபத்தேழாம் வயதில், உடன் பணியாற்றியவர்களோடு சேர்ந்து 'ஜர்னல் ஆப் பயோசயின்சஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு வாசனையோடு லேசான மின்னதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்தால் புழு அந்த வாசனையை விட்டு விலகக் கற்றுக்கொள்கிறது. அந்த நினைவு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அளந்து, குறுகிய கால நினைவு, இடைக்கால நினைவு, நீண்ட கால நினைவு என்று பிரித்துக் காட்டினார்கள். பயிற்சியின் எண்ணிக்கையைப் பொறுத்து இந்த மூன்றும் எப்படி மாறுகின்றன என்பதையும் ஆராய்ந்தார்கள். சித்திகி 2013-ல் மறைந்தார். ஐந்தாறு நாள் புழுப் பருவம் கூட இல்லாத ஓர் உயிருக்கு மூன்று வகை நினைவு!

நாங்கள் செய்த முதல் தவறு

மின்னதிர்ச்சி நம் வகுப்பறைக்கு வேண்டாம். இனிப்பை வைத்துச் செய்து பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். ஆய்வகங்களில் அகார் கூழ் ஊற்றிய பெட்ரி தட்டில் புழுக்களை விடுவார்கள். அகார் என்றதும் பிள்ளைகள் விழித்தார்கள். "ரம்ஜான் நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சுவோம்ல, அதான்" என்று ஒருத்தி சொன்னதும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கடைத்தெருவில் கடல்பாசித் தூள் வாங்கினோம். ஒரு தட்டில் சீனி கலந்த கடல்பாசி. மூடியின் உட்புறம் ஒட்டிய வடிதாள் துண்டில் ஒரு சொட்டு வாழைப்பழ எசன்ஸ். சில புழுக்களை அதில் ஐந்து நிமிடம் விட்டோம். பிறகு சீனி இல்லாத தட்டில் ஒரு பக்கம் வாழை எசன்ஸ், மறுபக்கம் அன்னாசி எசன்ஸ் வைத்து நடுவில் புழுக்களை விட்டோம்.

பெரும்பாலானவை வாழைப் பக்கம் போயின. வகுப்பில் ஒரே கைதட்டல். புழு கற்றுக்கொண்டுவிட்டது!

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அது பழத்துலயே பொறந்த புழுதானே டீச்சர்? நாம சொல்லிக்கொடுக்காட்டியும் வாழைக்குத்தானே போகும்?"

கைதட்டல் நின்றது. அவன் கேட்டது சரி. கற்றதால் போயிற்றா, முன்பே பிடித்ததால் போயிற்றா என்று எங்கள் சோதனையால் சொல்லவே முடியாது. எத்தனை புழு போயிற்று என்று எண்ணினோமே தவிர, எதனால் போயிற்று என்று யோசிக்கவில்லை.

இதே கேள்வியை அறிவியலாளர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று அன்று இரவு படித்தேன்.

ஒரு புழு, இரண்டு வாசனை, எதிர்ப் பயிற்சி

ஈக்களின் புழு வாசனையைக் கற்றுக்கொள்ளும் என்பது 1979-லேயே அமெரிக்காவில் நிறுவப்பட்டது. அங்கே கூட்டமாகப் பயிற்சி கொடுத்தார்கள். கூட்டமாகச் சோதித்தார்கள். 2003-ல் சுவிட்சர்லாந்தையும் ஜெர்மனியையும் சேர்ந்த ஷெரர், ஸ்டாக்கர், கெர்பர் ஆகியோர் புழுக்களை ஒவ்வொன்றாகப் பயிற்றுவித்து, ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முறையை உருவாக்கினார்கள்.

அவர்கள் செய்தது இதுதான். முதல் வகைப் புழுவுக்கு 'அ' வாசனையோடு இனிப்பு. 'ஆ' வாசனையோடு கசப்பான குயினைன் அல்லது மிகுந்த உப்பு. இரண்டாம் வகைப் புழுவுக்கு அப்படியே தலைகீழ்: 'ஆ' வாசனையோடு இனிப்பு, 'அ' வாசனையோடு கசப்பு அல்லது உப்பு. பிறகு ஒவ்வொரு புழுவுக்கும் இரண்டு வாசனைகளை மட்டும் முன்வைத்து, எதை நோக்கிப் போகிறது என்று பார்த்தார்கள்.

இதன் அழகு என்னவென்றால், எல்லாப் புழுவும் அதே இரண்டு வாசனைகளை முகர்ந்திருக்கின்றன. எல்லாம் இனிப்பையும் உண்டிருக்கின்றன, கசப்பையும் உணர்ந்திருக்கின்றன. வேறுபாடு ஒன்றே ஒன்று: எது எதோடு வந்தது என்பது. 'அ' வாசனை பிறவியிலேயே பிடித்தது என்றால் இரண்டு வகையும் 'அ'-வுக்கே போக வேண்டும். ஒரு வகை 'அ'-வுக்கும் மற்ற வகை 'ஆ'-வுக்கும் அதிகம் போனால், அந்த வேறுபாடு பயிற்சியால் வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். அவர்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. வேறு வேறு ஆய்வகங்களில், வேறு வேறு ஆட்கள் செய்தபோதும் அதே முடிவு கிடைத்தது.

ஏன் ஒவ்வொன்றாக? கற்கும்போது ஒரு நரம்பிணைப்பில் என்ன நடக்கிறது என்று மின்கருவியால் அளக்க வேண்டுமானால் அது ஏதாவது ஒரு குறிப்பிட்ட புழுவில்தான் முடியும். 'கூட்டத்தில் இத்தனை சதவீதம் கற்றது' என்று தெரிந்தால் போதாது. கையில் இருக்கும் இந்தப் புழு என்ன பயிற்சி பெற்றது, என்ன செய்தது என்று தெரிய வேண்டும். அதே நேரத்தில் ஒரே ஒரு புழுவின் ஒரே ஒரு தேர்வை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது தற்செயலாகக்கூட அந்தப் பக்கம் போயிருக்கலாம். அதனால் பல புழுக்களைத் தனித்தனியே சோதித்து ஒப்பிட்டார்கள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. பயிற்சிகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் புழு நன்றாகக் கற்கிறது.

மக்குப் புழு

அடுத்த வாரம் இந்த முறையில் மீண்டும் முயன்றோம். இரண்டு பேருக்கு ஒரு புழு. வகுப்பில் பாதிக் குழுக்கள் வாழையோடு சீனியும் அன்னாசியோடு உப்பும் கொடுத்தன. மறுபாதி தலைகீழ். ஐந்தைந்து நிமிடமாக மூன்று சுற்று, இடையிடையே ஓய்வு. பிறகு சோதனை.

பாதிக்கு மேற்பட்ட புழுக்கள் சீனியோடு வந்த வாசனைப் பக்கம் போயின. சில எதிர்ப்பக்கம் போயின. எங்களிடம் இருந்த புழுக்கள் குறைவு. இதை வைத்து எதையும் நிரூபித்ததாகச் சொல்ல முடியாது என்பதை நிகழ்தகவுப் பாடத்தோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு விளக்கினேன். ஆனால் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். முதல் முறை 'புழுக்கள்' என்று பேசிய பிள்ளைகள் இப்போது 'எங்க புழு', 'உங்க புழு' என்று பேசினார்கள். ஒவ்வொன்றும் என்ன செய்தது என்று நோட்டில் நிமிடத்துக்கு நிமிடம் எழுதி வைத்திருந்தார்கள்.

ஒரு குழு மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது.

"எங்க புழு மக்கு, டீச்சர். சீனி பக்கமே போமாட்டேங்குது. தட்டு ஓரத்துலயே ஏறிக்கிட்டு இருக்கு."

அந்தப் புழுவைத் தனியாக ஒரு குப்பியில் போட்டு மேசையில் வைத்தோம். மறுநாள் காலை பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். புழு குப்பியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, பழுப்பு நிறத்தில் கூட்டுப்புழுவாகியிருந்தது.

மூன்றாம் பருவத்தின் கடைசியில் டிரோசோபிலா புழு உண்பதை நிறுத்திவிடும். உணவை விட்டு வெளியேறி, ஈரமில்லாத இடம் தேடி மேலே ஏறும். கூட்டுப்புழுவாவதற்கான ஆயத்தம் அது. அந்த நேரத்தில் சீனி அதற்குத் தேவையே இல்லை. ஆய்வாளர்கள் இதை அறிந்து, உண்ணும் நிலையில் உள்ள புழுக்களை மட்டும் கூழுக்குள்ளிருந்து எடுப்பார்கள். பாட்டில் சுவரில் ஏறிக்கொண்டிருப்பதை எடுக்க மாட்டார்கள். நாங்கள் கைக்கு எளிதாகக் கிடைத்ததை எடுத்துவிட்டோம். புழு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அதற்கு 'மக்கு' என்று பெயர் வைத்தது எங்கள் அவசரம்.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொன்னேன். ஆராய்ச்சி உலகத்திலும் ஒரு 'மக்கு ஈ' உண்டு. 1976-ல் அமெரிக்காவில் செய்மூர் பென்சரின் ஆய்வகத்தில், வாசனையையும் மின்னதிர்ச்சியையும் சேர்த்துக் கற்பிக்கும்போது கற்றுக்கொள்ளாத ஓர் ஈ வகையைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு 'டன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் மக்கு என்று பொருள். அதன் மரபணு ஒன்றில் பழுது இருந்தது.

ஆனால் 1983-ல் அந்த ஈக்கு மின்னதிர்ச்சிக்குப் பதிலாகச் சீனி கொடுத்துக் கற்பித்துப் பார்த்தார்கள். டன்ஸ் மற்ற ஈக்களைப் போலவே கற்றுக்கொண்டது. விரைவில் மறந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் கற்க முடியாத ஈ அது இல்லை. அதே ஆய்வில் குறையில்லாத ஈக்களைப் பற்றியும் ஒன்று தெரிந்தது: மின்னதிர்ச்சி கொடுத்துக் கற்பித்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் நினைவில் நின்றது. சீனி கொடுத்துக் கற்பித்தது 24 மணி நேரம் வரை நின்றது.

"அப்ப பேர மாத்திட்டாங்களா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை. இன்றும் அந்த ஈக்கும் அந்த மரபணுவுக்கும் அதே பெயர்தான்.

தெரிந்தும் காட்டாத புழு

இன்னொரு ஆய்வு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2006-ல் கெர்பரும் ஹென்டலும் வெளியிட்டது. ஒரு வாசனையோடு சீனியைச் சேர்த்துப் புழுக்களுக்குக் கற்பித்தார்கள். பிறகு சோதனையை இரண்டு விதமாக நடத்தினார்கள். சீனி இல்லாத தட்டில் சோதித்தபோது, கற்ற வாசனையை நோக்கிப் புழுக்கள் போயின. சீனி கலந்த தட்டிலேயே சோதித்தபோது போகவில்லை.

மறந்துவிட்டனவா? இல்லை. சீனியைத் தேடிப் போவதற்குத்தான் அந்த வாசனை பயன்படும். காலடியிலேயே சீனி இருக்கும்போது தேடுவானேன்? தண்டனையைப் பொறுத்தவரை இது தலைகீழாக இருந்தது. கசப்போடு கற்ற வாசனையை, கசப்பு இல்லாத தட்டில் அவை பொருட்படுத்தவில்லை. கசப்புள்ள தட்டில் விட்டால்தான் அந்த வாசனையை விட்டு விலகின. தப்பித்துப் போக வேண்டிய தேவை அங்கேதான் இருக்கிறது. கற்றதைக் காட்டுவதால் ஏதாவது பயன் கிடைக்கும் என்ற நிலை இருந்தால்தான் புழு அதைக் காட்டுகிறது.

சோதனையில் ஒன்று வெளிப்படவில்லை என்றால் அது உள்ளே இல்லை என்று பொருளாகாது. சோதனை நடந்த சூழலையும் பார்க்க வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க

விரும்பும் ஆசிரியர்களுக்காகச் சில குறிப்புகள். 100 மில்லி தண்ணீருக்கு 1 கிராம் கடல்பாசித் தூள் போட்டுக் காய்ச்சி, மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற அளவில் சீனி. இன்னொரு பங்கில் 100 மில்லிக்கு 9 கிராம் என்ற அளவில் உப்பு. மூன்றாவது வெறும் கூழ், சோதனைக்கு. உப்பின் அளவைக் குறைத்துவிடாதீர்கள். கொஞ்சம் உப்பு இந்தப் புழுக்களுக்குப் பிடிக்கும். மிகுந்தால்தான் ஒதுங்கும். காய்ச்சும் வேலையை ஆசிரியரே செய்வது நல்லது.

பழக்கூழுக்குள் மேய்ந்துகொண்டிருக்கும் புழுவை ஈரமான வர்ணத் தூரிகையால் எடுத்து, தண்ணீரில் அலசி விடுங்கள். விரலால் பிடித்தால் நசுங்கிவிடும். எசன்ஸ் புழுவின் மேல் படக் கூடாது. வாசனைத் துண்டு மூடியில் இருக்கட்டும். எந்த வாசனைக்கு எது என்பதைப் பாதிக் குழுக்களுக்கு மாற்றிக் கொடுக்க மறக்காதீர்கள். இதை விட்டால் சோதனையே வீண். சோதனைத் தட்டில் எந்தப் பக்கம் எந்த வாசனை என்பதையும் குழுவுக்குக் குழு மாற்றுங்கள். சன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்தால் புழு வாசனையை விட்டுவிட்டு வெளிச்சத்துக்கு விலகி ஓடும். தட்டை நிழலில் வையுங்கள். முடிந்ததும் கை கழுவச் சொல்லுங்கள்.

உயர்நிலை வகுப்புகளுக்கு இது அறிவியல் முறையைக் கற்பிக்கும் பாடம். தொடக்க வகுப்புகளில் வாசனையோடு நிறுத்திக்கொண்டு, புழு எதை நோக்கிப் போகிறது என்று பார்த்துப் படம் வரையச் சொன்னாலே போதும்.

பழம் கொண்டுவந்த மாணவி

பிள்ளைகள் புழுக்கள் அல்லர். புழுவில் கண்டதை அப்படியே குழந்தைக்குப் பொருத்திப் பார்ப்பது அறிவியல் ஆகாது. ஆனால் புழுவைச் சோதிப்பதில் அந்த அறிவியலாளர்கள் காட்டிய கவனத்தை நான் என் வகுப்பில் காட்டுகிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்ள அந்த ஆய்வுகள் வைத்தன.

முதல் நாள் பழம் கொண்டுவந்த மாணவியைச் சொன்னேன் அல்லவா? என்னுடைய மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. எழுதியது நான்தான். சிறு தேர்வுகளில் பாதித் தாள் வெறுமையாக இருக்கும். அந்தத் தேர்வுகளை நான் முதல் பாடவேளையில் வைப்பது வழக்கம்.

கூட்டுப்புழுவான அந்தப் புழுவைப் பார்த்த பிறகு, மாலையில் அவளை அழைத்துப் பேசினேன். சீசனில் இரவு கடை அடைத்து வீட்டுக்குப் போகப் பத்து, பதினொன்று ஆகிவிடும். காலையில் அவள் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய காரியம். நான் அவளுடைய தேர்வுத்தாளைப் பார்த்தேன், மதிப்பெண் போட்டேன், பட்டியலில் எழுதினேன். சோதனை நடந்த சூழலைப் பார்க்கவில்லை.

அடுத்த சிறு தேர்வை மதியத்துக்குப் பிறகு வைத்தேன். எழுத முடியாததை வாயால் சொல்லச் சொன்னேன். இரண்டு பாடங்களுக்கு நடுவே சிறிது இடைவெளி விட்டேன். வீட்டுக்கும் பேசினேன். மறுநாள் பள்ளி இருந்தால் எட்டு மணிக்கே அவளை அனுப்பிவிடுவதாக அவள் அம்மா சொன்னார். பெரும்பாலான நாட்களில் அப்படியே செய்தார்.

அவள் வகுப்பில் முதலிடம் பிடித்துவிடவில்லை. கணக்கில் இன்னும் தடுமாறுகிறாள். ஆனால் வெறுமையான தாள் இப்போது வருவதில்லை. பழம் நொதிப்பதைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு எனக்கே தெரியாது என்பதும் தெரியவந்தது. எந்தப் பழம் எத்தனை நாளில் வாசம் மாறும், எதில் ஈ முதலில் உட்காரும் என்று வரிசையாகச் சொன்னாள். நான் கேட்காத கேள்விகளுக்கான விடைகள் அவை.

மெல்லக் கற்போர் பட்டியலை நான் இப்போதும் வைத்திருக்கிறேன். உதவி தேவைப்படும் பிள்ளைகளை மறந்துவிடாமல் இருக்க அது வேண்டும். ஆனால் ஒரு பெயரை எழுதுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். எந்த நேரத்தில் சோதித்தேன்? வேறு விதமாகச் சோதித்துப் பார்த்தேனா? இடைவெளி கொடுத்தேனா? இந்தக் குழந்தை இப்போது எந்த நிலையில் இருக்கிறது? பெயரைப் பென்சிலால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கூட்டுப்புழுவிலிருந்து சில நாட்கள் கழித்து ஈ வெளியே வந்தது. 'மக்கு' என்று சொன்ன அந்த இரண்டு பேரும்தான் குப்பியைச் சன்னலுக்கு எடுத்துப்போய்த் துணியை அவிழ்த்துவிட்டார்கள்.